மைதீன் என்னிடம் யோசனை கேட்டான்

போன வாரம் ராணுவத்தில் சேர்ந்த கதையை எழுதினாலும் எழுதினேன், வீட்டில் தொலைபேசி ஓயவில்லை. "வரிக்கு வரி மைதீன் மைதீன் என்று எழுதுகிறீர்களே, அவர் இப்போது எங்கே இருக்கிறார்?" என்று கேட்கிறார்கள். சொல்கிறேன். ஆனால் நேராகச் சொல்ல எனக்கு வராது. அந்த விஷயத்தில் எனக்கே இன்னும் தெளிவு கிடையாது.

என் கண்ணில் நிற்பது சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் ரயில் நிலையம்தான். நல்ல வெயில். மேடையில் எண்ணெய்ப் புகையும் யாரோ உரித்துப் போட்ட ஆரஞ்சுத் தோலும் கலந்த ஒரு வாடை. மைதீன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். என் அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றுப் பொட்டலம் அவன் மடியில் இருந்தது. நான் வெளியே தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, சுவரில் இருந்த ஏதோ ஒரு விளம்பரத்தை வாசிக்கிற மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தேன்.

எனக்குக் கோபம். யார் மேல் என்று கேட்டால் இன்றைக்கும் கையை விரிப்பேன்.

மைதீன் பிறந்தது ஜொகூரில், குளுவாங் என்ற ஊரில். நாங்கள் இருவரும் சிங்கப்பூர்ப் படையில் சேர்ந்தபோது, அவன் ஊர் சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கிற பாலத்துக்கு அந்தப் பக்கம், என் ஊர் இந்தப் பக்கம், அவ்வளவுதான் பேச்சு. பிறகு பாலத்தின் இரண்டு பக்கமும் இரண்டு நாடாகிவிட்டது. அவன் இங்கே வேலையை விட்டுவிட்டு மலேசியப் படைக்குப் போகிறான். தன் ஊருக்குத்தான் போகிறான். போகச் சொன்னதும் நான்தான். பிறகு எனக்கு எதற்குக் கோபம்?

பாதிக் கூடாரம்

எங்களைச் சேர்த்துவைத்தது நட்பு இல்லை, உயரம்.

பயிற்சி முகாமில் ஆளுக்கொரு மழைத்துணி கொடுப்பார்கள். ஒரு ஓரம் முழுக்கப் பொத்தான் இருக்கும். ஒரு துணியை வைத்துக்கொண்டு தலையை மூடலாம், இல்லை காலை மூடலாம். இரண்டு பேர் துணியைப் பொத்தான் போட்டுச் சேர்த்து, இரண்டு மரத்துக்கு நடுவே கட்டினால் கூடாரம். ஆக, ஒவ்வொருவனும் முதுகில் சுமப்பது பாதிக் கூடாரம்தான். உயரப்படி வரிசையில் நிற்கச் சொன்னார்கள். எனக்கு அடுத்து மைதீன் நின்றான். "நீங்க ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டு சார்ஜண்ட் அடுத்த ஜோடிக்குப் போய்விட்டார்.

எனக்கு வாய்த்தவனின் துணியில் பாதிப் பொத்தானைக் காணோம். மழை பெய்தால் ஒழுகும். ஒழுகுவது எப்போதும் என் பக்கம்தான். கேட்டால், "உன் பக்கம் பள்ளம்லா, நான் என்ன செய்ய?" என்பான்.

ஒல்லியான ஆள், நீளக் கழுத்து, தொப்பிக்குள் அடங்காத காதுகள். அவன் அப்பா குளுவாங்கில் பரோட்டாக் கடையில் மாஸ்டராக இருந்து, இவன் பையனாக இருந்தபோதே இறந்துபோனார். அம்மா காலையில் வீட்டு வாசலில் பலகாரம் விற்பார். இரண்டு தங்கைகள். வீட்டுக்கு மூத்தவன் என்ற பொறுப்பு முகத்தில் கொஞ்சமும் தெரியாது.

மைதீனுக்கு யோசனை சொல்வதும் சுவரிடம் பேசுவதும் ஒன்று. அட்டை கடித்தால் பிடித்து இழுக்காதே, உப்பு வை என்பேன். இழுப்பான். இரத்தம் நிற்காமல் ஓடும். சிராங்கூன் சாலையில் ஒரு கடையில் பளபளப்பாக ஒரு ஜோடிச் சப்பாத்து வைத்திருந்தார்கள். வாங்காதே, ஒரு மழைக்குத் தாங்காது என்று படித்துப் படித்துச் சொன்னேன். வாங்கினான். அடுத்த விடுமுறைக்குள் அடிப்பாகம் வாயைப் பிளந்துவிட்டது. கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு தேக்கா கடைத்தெரு முழுக்க என்னோடு சுற்றினான். சொன்னேனே என்றால், "சொன்னேதான்லா" என்று ஒப்புக்கொள்வான். அதற்குமேல் அந்த மனிதனை என்ன செய்வது?

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பழக்கம் முழுவதிலும் நான் சொன்ன எதையும் அவன் கேட்டதில்லை, ஒன்றைத் தவிர.

எதிர்சாரிக் கடை

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யாராவது தனியாக உட்கார்ந்து சாப்பிட்டால் அவனுக்குப் பொறுக்காது.

வெள்ளிக்கிழமை விடுப்பு கிடைத்தால், அவன் தொழுதுவிட்டு வருவான். நான் கோயிலுக்குப் போய்விட்டு வருவேன். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சைவம். நான் சைவக் கடைக்குப் போனால் அவனும் வந்து எதிரே உட்கார்ந்து, ரசம் வரைக்கும் மரியாதையாகச் சாப்பிடுவான். வெளியே வந்ததும் சாலையைக் கடந்து எதிர்சாரிக் கடையில் ஆட்டுக்கறிப் பிரியாணி வாங்கி உட்காருவான். "அது உனக்காகச் சாப்பிட்டது, இது எனக்காக" என்பான். இப்போது நான் எதிரே உட்கார்ந்து அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கடைக்காரர் எனக்கு ஒரு தேநீரை வைத்துவிட்டு, சாப்பிடாத நண்பன் என்ன நண்பன் என்கிற மாதிரி ஒரு பார்வை பார்ப்பார்.

சேறு

பிறகு எங்களைப் போர்னியோவுக்கு அனுப்பினார்கள். இந்தோனேசியாவோடு தகராறு நடந்துகொண்டிருந்த காலம். அங்கே மலேசியாவைச் சேர்ந்த சபாவின் ஓரத்தில், கடல் உள்ளே வந்து போகிற சதுப்புக் காட்டில் எல்லைக் காவல். வீரதீரக் கதை எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்க வேண்டும். நான் அங்கே பெரும்பாலும் சண்டை போட்டது சேற்றோடுதான்.

அந்தச் சேறு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். கால் வைத்தால் பூட்ஸை விடாது. உடம்பில் காய்ந்த இடம் என்று ஒன்று இருந்ததாக ஞாபகம் இல்லை. விரலிடுக்கெல்லாம் வெள்ளையாக ஊறி, தோல் தொட்டாலே உரியும்.

ஒருநாள் ரோந்து போகையில் இடுப்புவரை இறங்கிவிட்டேன். முதுகில் கனமான பை. அசைந்தால் இன்னும் இறங்குகிறது. கடல் நீர் ஏறத் தொடங்கியிருந்தது. மைதீன் தன் மழைத்துணியைச் சேற்றில் விரித்து, அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டான். மற்றவர்கள் கயிறோடு வரும்வரை அவன் கை விடவில்லை. பிடித்துக்கொண்டு சும்மா இருந்தானா? அவன் அம்மா தேங்காய்ப் பால் ஊற்றிப் பலகாரம் செய்கிற முறையை முதலிலிருந்து கடைசிவரை சொன்னான். நான் பயத்தில் அழுதுகொண்டிருந்தேன். அவன் சர்க்கரை எப்போது போட வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தான்.

அவன் என் உயிரைக் காப்பாற்றினான் என்று எழுதினால் அவனுக்குப் பிடிக்காது. "பையைத்தான் இழுத்தேன், நீ கூடவே வந்துட்டே" என்பான்.

எந்த நாடு?

அப்படி ஒரு ரோந்து முடிந்து, தலை முதல் கால்வரை சேறோடு முகாமுக்குத் திரும்பினோம். எங்கள் சார்ஜண்ட், சிங்கப்பூர் மலாய்க்காரர், எல்லாரையும் நிற்கவைத்துச் செய்தி சொன்னார். நாங்கள் காட்டுக்குள் இருந்தபோது சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்து தனி நாடாகிவிட்டதாம்.

ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டோம். மைதீன்தான் கையைத் தூக்கினான். அப்படியானால் இப்போது நாம் இருப்பது எங்கே என்று மலாயில் கேட்டான். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. சார்ஜண்ட் கொஞ்சம் யோசித்துவிட்டு, நேற்று எங்கே இருந்தாயோ அங்கேதான் இருக்கிறாய், போய்க் குளி என்றார். அவருக்கும் அதற்குமேல் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

குளித்துவிட்டு வந்து உட்கார்ந்து யோசித்தோம். நான் சிங்கப்பூர்க்காரன். நான் காவல் காப்பது மலேசியாவின் எல்லை. மைதீன் மலேசியாக்காரன். அவன் இருப்பது சிங்கப்பூர்ப் படையில். ஆனால் அவனும் காவல் காப்பது மலேசியாவின் எல்லை. அப்படியானால் எங்களில் யார் வெளிநாட்டுக்காரன்? நான் ஒரு பக்கமாகச் சொல்லிப் பார்த்தேன், அவன் மறுபக்கமாகச் சொல்லிப் பார்த்தான். தலை சுற்றியதுதான் மிச்சம். மறுநாள் காலையில் அதே துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அதே சேற்றுக்குப் போனோம். சேற்றுக்கு ஒன்றும் தெரியவில்லை.

கொஞ்ச நாளில் இன்னொரு செய்தி வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறந்தவர்கள், ஊர் திரும்பியதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூர்ப் படையிலேயே இருக்கிறார்களா, மலேசியப் படைக்கு மாறுகிறார்களா என்று. நான் மைதீனைப் பார்த்தேன். அவன் காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தான்.

பூட்ஸ் காவல்

அது முடிவாவதற்குள் நோன்பு மாதம் வந்துவிட்டது. சேற்றில் நடக்கிறவனுக்கு நோன்பு கட்டாயமில்லை, பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்று அவன் மார்க்கத்தாரே சொன்னார்கள். மைதீன் யார் சொல்லித்தான் கேட்டான்?

காட்டில் ஜோடிக்கு ஒரு அடுப்பு. புகையும் வாசனையும் ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் நினைத்தபோது மூட்ட முடியாது. அவன் விடிவதற்கு முன்னால் சாப்பிட்டால் நானும் அப்போதுதான் சாப்பிட வேண்டும். பொழுது சாய்ந்து அவன் நோன்பு திறந்தால்தான் எனக்கும் சோறு. நடுவில் ரொட்டி சாப்பிடலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் உதடு காய்ந்து உட்கார்ந்திருக்கிறவன் எதிரே எப்படி ரொட்டியைக் கடிப்பது? எதிர்சாரிக் கடை ஞாபகம் வந்துவிடும். நானும் பட்டினி கிடந்தேன். பக்தியெல்லாம் இல்லை. வெட்கம்.

இதைப் பார்த்த மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? பெருநாள் அன்று, முஸ்லிம் வீரர்களைத் தொழுகைக்குப் பக்கத்து ஊருக்குப் படகில் அழைத்துப்போனபோது என்னையும் ஏறச் சொன்னார்கள். நான் முஸ்லிம் இல்லை என்று விளக்கப்போனால், வெட்கப்படாதே ஏறு என்கிறார்கள். மைதீனைப் பார்த்தால், அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரிக்கிறான். பள்ளிவாசல் படிக்கு வந்ததும்தான் அவன் எனக்கு ஒரு வழி செய்தான். "நீ வெளியவே இரு. பூட்ஸையெல்லாம் பாத்துக்கோ" என்றான்.

அந்தச் சின்னப் பள்ளிவாசல் வாசலில், ஒரே மாதிரியான ராணுவ பூட்ஸ்களுக்கு நடுவே நான் உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து தொழுகை ஓசை. பக்கத்து வீடுகளிலிருந்து தேங்காய்ப் பாலும் வறுத்த மசாலாவும் மணக்கிற வாசனை. மாதக்கணக்கில் சேற்று நாற்றமே கண்ட மூக்குக்கு அது தாங்க முடியவில்லை. ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன் என்றே நினைக்கிறேன்.

தொழுகை முடிந்து முதல் ஆளாக மைதீன் வெளியே வந்தான். என் பக்கத்தில் உட்கார்ந்து பூட்ஸை மாட்டிக்கொண்டான். குனிந்தபடியே கேட்டான்.

"நான் என்ன செய்யட்டும்? இருக்கவா, போகவா?"

"அம்மா என்ன சொல்றாங்க?"

"உன் இஷ்டம்ங்கிறாங்க. நீ சொல்லுலா. நீ சொல்றதைத்தான் செய்வேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. இவனாவது நான் சொன்னதைச் செய்வதாவது. ஆனாலும் கேட்கிறானே என்று பெரிய மனிதனாக முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? அம்மா அங்க, தங்கச்சிங்க அங்க. இங்க உனக்கு யார் இருக்கா? போயிடு."

மனதில் இருந்தது அது இல்லை. சத்தியமாக இல்லை. மைதீன் இல்லாமல் இன்னொருவனோடு அந்தக் கூடாரத்தைக் கட்டுவதை நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை. பிறகு ஏன் அப்படிச் சொன்னேன்? அவன் எப்போதும் போல நான் சொன்னதற்கு நேர்மாறாகச் செய்வான் என்று நம்பினேனா? அவன் அம்மாவுக்கு ஏதாவது ஆனால் பழி என்மேல் விழும் என்று பயந்தேனா? பள்ளிவாசல் படியில் உட்கார்ந்துகொண்டு சுயநலமாகப் பேசக்கூடாது என்று தோன்றியதா? மூன்றும் இருக்கலாம். மூன்றுமே இல்லாமலும் இருக்கலாம்.

மைதீன் கட்டிய நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினான். பிறகு எழுந்து, "சரி" என்றான்.

அம்மா கேட்ட கேள்வி

ஊர் திரும்பிய பிறகு, முகாமில் ஒரு நாள் முடிவைக் கேட்க அவனை உள்ளே கூப்பிட்டார்கள். நான் வெளியே மரத்தடியில் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, "சொல்லிட்டேன்" என்றான். என்ன சொன்னாய் என்று கேட்டேன். "நீ சொன்னதைத்தான்" என்றான்.

அன்று தொடங்கியது என் கோபம். அத்தனை யோசனை சொல்லியிருக்கிறேன், ஒன்றைக்கூடக் கேட்காதவன் இதை மட்டும் எதற்குக் கேட்டான்? அதை அவனிடம் கேட்கவும் முடியவில்லை. சரியான யோசனையைத்தானே சொன்னேன். சரியானதைச் செய்தவனை எந்த முகத்தோடு திட்டுவது? அவனோடு பேச்சைக் குறைத்துக்கொண்டேன். கூப்பிட்டால் ம் என்பேன். பக்கத்தில் வந்தால் துப்பாக்கியைத் துடைக்கத் தொடங்குவேன். துடைத்த துப்பாக்கியையே துடைத்தேன்.

அப்போது எங்கள் வீடு தஞ்சோங் பகாரில், துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பில். புறப்படுவதற்கு முந்தின நாள் மைதீன் சொல்லிக்கொண்டு போக வந்தான். அம்மா அவனுக்கு மீன்குழம்பு வைத்திருந்தார். ஏன் தம்பி, இங்கேயே இருந்திருக்கலாமே என்று ஆற்றமாட்டாமல் கேட்டார்.

"இவன்தான்மா போகச் சொன்னான்" என்றான் மைதீன். குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான்.

அம்மா கரண்டியைக் குழம்பிலேயே விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன்டா?"

அவங்க அம்மா அங்கே இருக்கிறார்கள் இல்லையா என்றேன். அம்மா, அதுவும் சரிதான் என்று முணுமுணுத்துவிட்டு, அவன் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தார். எனக்கு வைக்கவில்லை.

தொலைபேசியில் கேட்டவர்களுக்கு

மைதீன் நன்றாக இருக்கிறான். அந்த நாட்டுப் படையில் சார்ஜண்டாகி ஓய்வு பெற்றான். அவன் போன பிறகு பாலத்தில் கடப்பிதழ், அதாவது பாஸ்போர்ட், கேட்க ஆரம்பித்தார்கள். கடப்பிதழோடு நான் அங்கே போனேன், அவன் இங்கே வந்தான். அவன் தங்கைகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறினேன். என் அம்மா இறந்தபோது அவன் வந்து வாசலில் நின்றவன், எல்லாம் முடியும்வரை உட்காரவில்லை.

இப்போது நான் புக்கிட் பாஞ்சாங்கில், மகன் வீட்டில் இருக்கிறேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொழுதுவிட்டு அவன் தொலைபேசியில் அழைப்பான். முழங்கால் வலி, சர்க்கரை, பேரப்பிள்ளைகள், யார் யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று ஒரு மணி நேரம் ஓடும். உலகத்தில் எல்லாவற்றையும் பேசியிருக்கிறோம். ரயில் நிலையத்தில் அவன் சொன்னதை மட்டும் இருவரும் மறுபடி எடுத்ததில்லை.

மறுபடி ரயில் நிலையம்

விசில் ஊதினார்கள். நான் விளம்பரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. மைதீன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். அப்போதுதான் திரும்பினேன். அவன் கண் சிவந்திருந்தது.

"உன்கிட்ட எதுக்குக் கேட்டேன்னு நினைச்ச?"

வண்டி மெதுவாக நகர்ந்தது. நானும் கூடவே நடந்தேன்.

"வேற யாரைக் கேட்டாலும் போகத்தான் சொல்லுவாங்க. அது எனக்கே தெரியும்லா. நீ ஒருத்தன்தான் இருன்னு சொல்லுவே, அதான் உன்னைக் கேட்டேன்."

வண்டி வேகம் பிடித்தது. அவன் காதும் கழுத்தும் சிறுத்து, ஜன்னல்களெல்லாம் ஒன்றாகி, கடைசிப் பெட்டியும் மேடையைத் தாண்டியது. எனக்கு வாய் திறந்தது அப்போதுதான்.

"போகாதே" என்றேன். உரக்கவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

எனக்கு முன்னால் பெட்டிகளை ஏற்றிய தள்ளுவண்டியோடு போய்க்கொண்டிருந்த சுமை தூக்குகிறவர் சட்டென்று நின்றார். நம் ஆள், வயதானவர். தோளில் துண்டு. திரும்பி என்னைப் பார்த்தார்.

"போகலப்பா. சொல்லு, என்ன வேணும்?"

உங்களை இல்லை ஐயா என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு தள்ளுவண்டியின் பிடியைக் கீழே வைத்தார். பெட்டிக்குச் சொந்தக்காரர் முன்னாலிருந்து கூப்பிடுகிறார், இவர் நகரவில்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்வரை அப்படியே நின்றார்.

முன்பின் தெரியாத மனிதர். ஒரு வார்த்தைதான் சொன்னேன், நின்றுவிட்டார்.